விழுந்திடாதை என்றுதான் கத்தினேன்

நவம்பர் 2, சனி

இந்தக் கொப்பி என்னுடையது இல்லை. அணியில் இருக்கும் பதினேழு பிள்ளைகளுக்கும் கோச் ட்ரேசி ஆளுக்கொன்று கொடுத்தாராம். ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பிறகும் சாப்பிட்டது, நித்திரை கொண்டது, மனதில் பட்டது எல்லாம் எழுத வேண்டுமாம். ஆரணி இதைக் குசினி மேசையில் எறிந்துவிட்டு, “எனக்கு மனசிலை ஒண்டும் படுறேல்லை அம்மா” என்று சொல்லிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். நல்ல தடித்த தாள், குப்பையில் போட எனக்கு மனம் வரவில்லை. என் மனதில் படுகிறதுக்கு ஒரு குறையும் இல்லை, ஆகவே நானே எழுதப்போகிறேன்.

நான் நளாயினி. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறேன். காலையும் பின்னேரமும் நாற்பது பிள்ளைகள் பின்னால் இருந்து கத்த, ஒரு சொல்லும் பேசாமல் ஓட்டுகிறவள். அங்கே அடக்கி வைத்ததெல்லாம் சனிக்கிழமை ஐஸ் அரங்கில் வெளியே வந்துவிடும். என்னுடைய ஆள் கிருபாகரன் யன்னல் தொழிற்சாலையில் கண்ணாடி வெட்டுகிறார். வீட்டில் அவர் அதிகம் பேசமாட்டார், அவருக்கும் சேர்த்து நான் பேசிவிடுவேன். ஒரே மகள் ஆரணி. பதினைந்து வயது. ஐஸ் ஹொக்கியில் பின்வரிசைக் காவல், முதுகில் இருபத்திரண்டு.

இன்று அவளுக்கு ஒரு தடக்கு. எதிராளியின் காலை மட்டையால் இடறி விழுத்தினால் நடுவர் ஊதுவார், குனிந்து தன் முழங்காலுக்குக் கீழே கையால் ஓர் அடி அடித்துக் காட்டுவார். விழுத்தினவள் கண்ணாடிப் பெட்டிக்குள் போய் இரண்டு நிமிடம் இருக்க வேண்டும், அதுவரைக்கும் அணி ஓராள் குறைவாக ஆடும். அதற்கு இங்கிலிசில் ஒரு பெயர் இருக்கிறது. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் தடக்கு. வேலையால் வந்ததும் கிருபா கேட்பது, “இண்டைக்கு எத்தினை தடக்கு?” என்றுதான்.

அரங்கின் வாசலில் ஒரு பலகை மாட்டியிருக்கிறார்கள். பெற்றோர் நடுவரைத் திட்டக்கூடாது, எதிரணிப் பிள்ளைகளைப் பற்றி ஒன்றும் சொல்லக்கூடாது, மீறினால் வெளியே அனுப்புவோம் என்று இங்கிலிசிலும் பிரெஞ்சிலும் போட்டிருக்கிறது. தமிழில் ஒன்றும் இல்லை. அதனால் நான் தமிழில் கத்துகிறேன்.

நவம்பர் 9, சனி

நாலுக்கு ஒன்று, வெற்றி. ஆரணி ஒருத்தியையும் உள்ளே விடவில்லை.

அவளுடைய பை நாறுகிற நாற்றத்தில் கார் யன்னலைத் திறந்துகொண்டு வந்தேன், வெளியே இரண்டு பாகை. கையுறைகளை வெயிலில் போடலாமென்றால் இந்த ஊரில் வெயில் எங்கே. ஹீற்றருக்கு முன்னால் வரிசையாக அடுக்கியிருக்கிறேன். கிருபா அதைத் தாண்டித் தாண்டிப் போய் புட்டு அவித்தார்.

ஆட்டம் முடிந்து வரும்போது ட்ரேசி என்னை மறித்து, நான் எப்போதும் கத்துகிற ‘விழுத்து’ என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்டார். நல்லாய் ஓடு என்று பொருள் சொன்னேன். ட்ரேசிக்கு அது நன்றாகப் பிடித்துவிட்டது. அடுத்த கிழமை தானும் கத்தப்போகிறாராம். பக்கத்தில் நின்ற ஆரணி சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம், நல்ல பகிடிதானே.

பெப்ரவரியில் மாகாண அணிக்குத் தெரிவு. நூறு பிள்ளைகளில் இருபது பேரைத்தான் எடுப்பார்கள். ஆறு வயதிலிருந்து விடியவிடிய எழும்பி இவளை ஐஸுக்குக் கொண்டுபோனது இதற்காகத்தான். எடுபட்டால் பிறகு பல்கலைக்கழகம் தானாக வந்து கூப்பிடும்.

நவம்பர் 16, சனி

எழுத முடியவில்லை.

நவம்பர் 17, ஞாயிறு

இரவு முழுக்க நித்திரை இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதிவைத்தால் மனம் ஆறும் என்று பார்க்கிறேன்.

எதிரணி வடக்கே ஒரு மணித்தியாலம் தள்ளி ஒரு ஊரிலிருந்து வந்தது. அந்த ஊரில் எங்கள் ஆட்கள் இருப்பார்கள் என்று யாரும் நினைக்கமாட்டார்கள். வெள்ளைச் சட்டை, முதுகில் எண் மட்டும், பெயர் இல்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் முகத்தில் கம்பிக் கூடு. யார் எவர் என்று எப்படித் தெரியும்?

இரண்டுக்கு இரண்டு. கடைசி நிமிடம். அவர்களுடைய பதினேழாம் எண்காரி எங்கள் இரண்டு பேருக்கு நடுவால் வெட்டிக்கொண்டு வெளியே வந்தாள். முன்னால் எங்கள் கோல் காவற்காரி மட்டும். ஆரணி அவளுக்குப் பின்னால், ஒரு மட்டை தூரத்தில். அடித்தாளென்றால் ஆட்டம் போய்விடும். நான் எழும்பித் தடுப்புக் கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு, “விழுந்திடாதை ஆரணி” என்று கத்தினேன். வேகமாக வருகிறாளே, விழுந்துவிடுவாளே என்ற பயத்தில்.

அப்போது அந்தப் பதினேழு திரும்பினாள். மட்டையால் தள்ளிக்கொண்டு வந்த பக்கை, அந்தக் கறுப்பு ரப்பர் வட்டை, விட்டுவிட்டு, முன்னால் பார்ப்பதை விட்டுவிட்டு, தலையைத் திருப்பி எங்கள் பக்கம் பார்த்தாள். ஏன் பார்த்தாள் என்று எனக்கு விளங்கவேயில்லை. அந்த நேரம் பார்த்து ஆரணியின் மட்டை அவளுடைய கால்களுக்குள் போனது. அவள் காலை முன்னே நீட்டியபடி வழுக்கிக்கொண்டு போய் ஐஸைச் சுற்றியிருக்கிற பலகைச் சுவரில் மோதினாள்.

அந்தச் சத்தத்தை எழுத என்னிடம் சொல் இல்லை. முதலில் பலகையின் சத்தம், அதற்குள்ளே இன்னொரு சத்தம். கால் இருக்கக் கூடாத பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

நடுவர் முழங்காலுக்குக் கீழே அடித்துக் காட்டினார். தடக்குத்தான். ஆனால் இரண்டு நிமிடம் இல்லை. ஐந்து நிமிடம், அத்தோடு ஆரணி ஆட்டத்தை விட்டே வெளியே. அவள் தலையைக் குனிந்துகொண்டு உடை மாற்றும் அறைக்குப் போனாள், என் பக்கம் பார்க்கவில்லை.

பிறகு பலகைக் கதவைத் திறந்துகொண்டு ஒரு பெண், சாதாரணச் சப்பாத்தோடு, ஐஸுக்குள் ஓடினாள். வழுக்கி விழுந்தாள், கையை ஊன்றி எழும்பி மறுபடியும் ஓடினாள். கருநீலக் குளிர்ச்சட்டை, பின்னல். ஓடிக்கொண்டே, “ஐயோ என்ரை பிள்ளை, என்ரை குஞ்சு” என்று கத்தினாள்.

தமிழில். யாழ்ப்பாணத் தமிழில்.

கண்ணாடியில் வைத்த கையை எடுக்கக்கூட முடியவில்லை.

நவம்பர் 18, திங்கள்

பஸ் ஓட்டினேன். ஒரு பிள்ளை சத்தி எடுத்தது, துடைத்தேன்.

இரவு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த கிருபா தலையை நிமிர்த்தாமல் கேட்டார். “நளா, நீர் அண்டைக்கு என்ன கத்தினனீர்?”

“விழுந்திடாதை எண்டு.”

“ஆரணியைப் பார்த்தோ?”

“வேறை ஆரைப் பார்த்து?”

“சரி” என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மனிசன் ‘சரி’ என்று சொன்னால் சரியில்லை என்று பொருள். உம்மட்டை நான் என்ன, பொய்யா சொல்லுறன் என்று கேட்டேன். அவர் வெங்காயத்தை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போய்விட்டார்.

நவம்பர் 21, வியாழன்

தமிழ்க் கடைக்குப் போனேன். முருங்கைக்காய் தெரிந்துகொண்டு நிற்கிறேன், எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள் மீன் பகுதியில் கதைக்கிறார்கள்.

“தொடை எலும்பு ரெண்டு இடத்திலையாம். கம்பி வைச்சிருக்கினமாம்.”

“ஆற்றை பிள்ளை?”

“சிவதர்சினி எண்டு, முந்தி எங்கடை கட்டிடத்திலை இருந்தவ. வடக்குப் பக்கம் வீடு வாங்கிக்கொண்டு போனவ. அவவின்ரை மூத்தவள், மிதுனா. இனி ஐஸிலை நிக்கேலுமோ எண்டு டொக்டர்மார் சொல்லுகினமில்லையாம்.”

“விழுந்தவளோ?”

“விழுத்தினதாம். அதைவிடக் கேளுமன், ஆரோ ஒரு தமிழ்ப் பொம்பிளை விழுத்தச் சொல்லிக் கத்தினவவாம். எங்கடை சனம் எங்கை போனாலும் இப்பிடித்தான்.”

நான் திரும்பவில்லை. காசாளர்ப் பிள்ளை, “அன்ரி, பை வேணுமோ?” என்று கேட்டாள். தலையை மட்டும் ஆட்டினேன். வாயைத் திறக்கப் பயமாக இருந்தது. நாற்பத்தேழு வயதில், நான் காசு கொடுத்துச் சாமான் வாங்குகிற கடையில், என்னுடைய குரலுக்கு நானே பயந்தேன்.

மிதுனா. நல்ல பெயர்.

நவம்பர் 26, செவ்வாய்

ஹொக்கிச் சங்கத்திலிருந்து கடிதம். டிசம்பர் 7 விசாரணை.

இரண்டு விசயத்தை விசாரிக்கப் போகிறார்களாம். ஒன்று, இருபத்திரண்டாம் எண் வேண்டுமென்றே விழுத்தியதா. அப்படியென்றால் இந்த ஆட்டப் பருவம் முழுக்கத் தடை, பெப்ரவரித் தெரிவுக்கும் போக முடியாது. தற்செயல் என்றால் ஐந்து நிமிடத் தண்டனையோடு முடிந்தது. மற்றது, பார்வையாளர் பகுதியிலிருந்து வந்த ஒரு சத்தம். யாரோ ஒரு தகப்பன் போனில் எடுத்த வீடியோ இருக்கிறதாம், தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் கூப்பிட்டிருக்கிறார்களாம்.

மிதுனா ஆசுபத்திரிக் கட்டிலில் இருந்து கொடுத்த வாக்குமூலத்தையும் இணைத்திருந்தார்கள். பாதிப் பக்கம்கூட இல்லை. மூன்று தரம் வாசித்தேன். “தமிழில் யாரோ கூப்பிடுவது கேட்டது. என்னுடைய அம்மாவின் குரல் என்று நினைத்துத் திரும்பினேன். திரும்பிய பிறகுதான் அந்தச் சொல் என்ன என்று விளங்கியது. அதற்குள் விழுந்துவிட்டேன்.”

நவம்பர் 27, புதன்

அம்மாவின் குரல் என்று நினைத்தாளாம்.

நவம்பர் 30, சனி

ஆரணியை மேசைக்குக் கூப்பிட்டு இருத்தினேன். அவள் இப்போது பயிற்சிக்கும் போவதில்லை, விசாரணை முடியும்வரை விடமாட்டார்களாம். சனிக்கிழமையில் அவள் வீட்டில் இருப்பது எனக்குப் பழக்கமில்லை.

ஒரு தாளை எடுத்து இரண்டு சொல்லை எழுதிக் காட்டினேன். விழுந்திடாதை. விழுத்திடு.

“இதிலை ‘ந்’ வருது. நீ விழாதை எண்டு அர்த்தம். இதிலை ‘த்’ வருது, மற்றவளை விழப்பண்ணு எண்டு அர்த்தம். கடைசி எழுத்து சத்தத்துக்குள்ளை போனால் ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்டு மாதிரித்தான் கேக்கும். அந்தப் பிள்ளை மாறிக் கேட்டிட்டுது. நான் சொன்னது ‘ந்’. விளங்குதோ?”

“எனக்குத் தமிழ் தெரியும் அம்மா.”

“தெரியும் எண்டால் சரி. அவை கேட்டால், அம்மா விழுந்திடாதை எண்டு சொன்னவ, நான் விழாமல் நிக்கப் பார்த்தனான், மட்டை தவறிப் போட்டுது எண்டு சொல்லோணும். அவ்வளவுதான். மற்றச் சொல்லைச் சொன்னியோ, உன்ரை பருவமும் போச்சு, பெப்ரவரியும் போச்சு. ஒம்பது வருசம்.”

அவள் அந்தத் தாளை என் பக்கம் தள்ளிவிட்டாள். பிறகு, “அம்மா, அண்டைக்கு நான் நடுவர் ஊதமுதல் உங்களைப் பார்த்தனான். நீங்கள் சிரிச்சுக்கொண்டு நிண்டனீங்கள்” என்றாள்.

“பதட்டத்திலை வாய் அப்பிடி இருந்திருக்கும்” என்றேன்.

“நான் போய்ப் படிக்கிறன்.”

தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். சிரித்தேனா? அந்தப் பிள்ளை பலகையில் மோதமுதல், மட்டை காலுக்குள் போன அந்த நொடியில், சில வேளை சிரித்திருக்கலாம். மோதின பிறகு சிரிக்கவில்லை. அதைச் சத்தியம் பண்ணிச் சொல்லுவேன்.

டிசம்பர் 4, புதன்

பிள்ளைகளை இறக்கிவிட்டு பஸ்ஸை நிறுத்துமிடத்துக்குக் கொண்டுவந்தேன். வெறும் பஸ்ஸுக்குள் இருந்து ‘விழுந்திடாதை’ என்று சொல்லிப் பார்த்தேன். முதலில் மெதுவாக, பிறகு கத்தி. ஆறேழு தரம் சொன்ன பிறகுதான் வாய்க்குச் சரியாக வந்தது. இது பொய் சொல்லப் பழகுவதில்லை. ஒரு ஆள் தான் சொன்னதைத் திருப்பிச் சொல்லிப் பார்க்கக்கூடாதா?

கிருபா மூன்று நாளாக என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் வழக்கமாகவே பேசுவதில்லை, ஆனாலும் இது வேறு.

டிசம்பர் 7, சனி

அரங்கின் மேல்மாடியில் ஒரு அறை. கிருபாவும் எங்களோடு வந்து பின்னால் ஒரு கதிரையில் இருந்தார். கீழே சின்னப் பிள்ளைகள் ஆடுகிற சத்தம் வந்துகொண்டிருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர், நடுவில் தலைவி திருமதி டொயில், நரைத்த கட்டை முடி, கண்ணாடியை நெற்றியில் ஏற்றியிருந்தார். ஓரத்தில் மொழிபெயர்ப்பாளர். பரராஜசிங்கம் என்று பெயர் சொன்னார், அறுபத்தைந்து இருக்கும், கழுத்துப் பட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். என்னைக் கண்டதும், “இருங்கோ தங்கச்சி, பயப்பிடாதேங்கோ” என்றார். எங்கள் ஆள் ஒருவர் இருக்கிறார் என்று மனம் கொஞ்சம் தெளிந்தது.

வீடியோவைப் போட்டார்கள். அந்த மனிதன் தன்னுடைய மகளை எடுக்கப் போனை உயர்த்தியிருக்கிறான், மூலையில் நாங்கள் வருகிறோம். நான் கண்ணாடியோடு ஒட்டி நிற்பது தெரிகிறது. வாய் திறக்கிறது. ‘விழு’ கேட்கிறது. அதற்குப் பிறகு சனத்தின் சத்தம் மேலே விழுகிறது, நடுவில் இருக்கிற எழுத்தும் கடைசி எழுத்துகளும் அதற்குள் போய்விட்டன. மிஞ்சுவது ஒரு ‘தி’. பிறகு அந்தத் தலை திரும்புகிறது. பிறகு மட்டை. இந்தச் சின்னத் திரையில் அந்தக் கால் ஒரு குச்சி மாதிரி இருந்தது. திருமதி டொயில் கண்ணை மூடிக்கொண்டார்.

பரராஜசிங்கம் காதுக்கருவியைப் போட்டுக்கொண்டு மூன்று தரம் கேட்டார். மூன்றாம் தரம் கேட்கும்போது அவருடைய முகம் மாறியது. கருவியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஒரு தமிழன் இன்னொரு தமிழரைப் பார்க்கிற பார்வை, வெள்ளைக்காரருக்கு முன்னால் எங்கள் மானத்தைக் கப்பலேற்றாதே என்கிற பார்வை. பிறகு இங்கிலிசில் சொன்னார், இந்தச் சொல் தெளிவாக இல்லை, இரண்டு விதமாகவும் கேட்கலாம் என்று.

அவருக்குக் கேட்டிருந்தது. எனக்குத் தெரியும்.

திருமதி டொயில் என்னிடம் கேட்டார். நான், “விழுந்திடாதை” என்று பழகின மாதிரியே சொன்னேன், விழாதே என்று பொருள் என்றும் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். பிறகு ஆரணியிடம் திரும்பி, உன்னுடைய அம்மா விழாதே என்று சொன்னதாகச் சொல்கிறார், உனக்கு அப்படித்தான் கேட்டதா என்று மென்மையாகத்தான் கேட்டார். நல்ல மனிசி. ஆரணி ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், எல்லாரும் எழும்பி வீட்டுக்குப் போயிருக்கலாம்.

ஆரணி கையை மடியில் வைத்துக்கொண்டு இங்கிலிசில் பேசினாள். குரல் உயரவில்லை.

“என்னுடைய அம்மா ஒருநாளும் என்னிடம் விழாதே என்று சொன்னதில்லை” என்றாள். “ஆறு வயதிலிருந்து ஆடுகிறேன். ஒருதரம்கூடச் சொன்னதில்லை.”

பரராஜசிங்கம் தன்னுடைய பேனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நினைத்துப் பார்த்தேன், அங்கேயே, அந்தக் கதிரையில் இருந்தபடி. இவள் முதல்முதல் ஐஸில் ஏறினது, நாடி வெடித்து மூன்று தையல் போட்டது, மணிக்கட்டு முறிந்தது, எல்லாம் நினைத்துப் பார்த்தேன். எழும்பு என்று சொல்லியிருக்கிறேன். ஓடு என்று சொல்லியிருக்கிறேன். அழாதே என்று நூறு தரம் சொல்லியிருக்கிறேன். அந்த ஒரு சொல் எங்கேயும் இல்லை.

அப்படியானால் அவர் என்ன சொன்னார் என்று திருமதி டொயில் கேட்டார்.

“அதை அம்மாவிடம் கேளுங்கள். நான் செய்ததை நான் சொல்கிறேன். மட்டை தவறவில்லை. அவளுடைய காலைப் பார்த்துத்தான் போட்டேன். இரண்டு நிமிடம் பெட்டிக்குள் இருக்கலாம் என்று நினைத்தேன். கால் முறியும் என்று நினைக்கவில்லை.” கடைசி வசனத்தில் மட்டும் அவளுடைய குரல் உடைந்தது.

திருமதி டொயில் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். உங்களுக்கு வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா?

இல்லை என்று சொன்னேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

நேற்றுக் காரில் வரும்போது கத்தினேன். “உனக்கு விசரே? ஒரு சொல்லடி. ஒரு சொல்லுக்காக எல்லாத்தையும் கொண்டுபோய்க் கொட்டினியே.”

ஆரணி யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். “நான் எனக்காகத்தான் சொன்னனான் அம்மா. உங்களுக்காகச் சொல்லேல்லை. உங்களுக்காக ஒண்டும் சொல்லவுமில்லை, மறைக்கவுமில்லை.”

பின் இருக்கையில் இருந்த கிருபா கையை நீட்டி அவளுடைய தோளில் வைத்தார். என்னுடைய தோளும் அவருக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது.

டிசம்பர் 12, வியாழன்

முடிவு வந்துவிட்டது. ஆரணி, இருபத்திரண்டாம் எண், வேண்டுமென்றே செய்த தடக்கு. பருவம் முடியும்வரை தடை. பெப்ரவரித் தெரிவுப் பட்டியலிலிருந்து பெயர் எடுக்கப்பட்டது. உண்மையை ஒப்புக்கொண்டதற்காகக் குழு அவளைப் பாராட்டுகிறதாம்.

என்னைப் பற்றியும் ஒரு வரி. பார்வையாளர் பகுதியிலிருந்து வந்த சொல் தெளிவில்லாததால் அதுபற்றி நடவடிக்கை இல்லை. நான் எந்த அரங்குக்கும் எந்த ஆட்டத்துக்கும் வழமைபோல வரலாம்.

அந்த வரியை வாசித்தபோது எனக்கு முதலில் வந்தது ஆறுதல். அதை எழுதத்தான் வேண்டும். ஒரு மூச்சு விடுகிற அளவுக்கு ஆறுதல். அதற்குப் பிறகு குசினி நிலத்திலேயே இருந்துவிட்டேன். பதினைந்து வயசுப் பிள்ளை தன்னுடைய பங்கைத் தன்னுடைய வாயால் சொல்லிவிட்டுப் போய்விட்டது. நான் கொப்பியில்கூட ஒளித்திருக்கிறேன். நவம்பர் 17 எழுதினதைத் திருப்பி வாசித்தேன். எனக்கு நானே எழுதுகிற கொப்பியில், யாருமே வாசிக்காத இடத்தில், யாருக்காக அந்தப் பொய்?

விழுத்திடு என்றுதான் கத்தினேன்.

டிசம்பர் 14, சனி

சனிக்கிழமை, ஆட்டம் இல்லை. தமிழ்க் கடையின் மீன் பகுதியில் கதைத்துக்கொண்டு நின்ற பெண்ணைக் குரலை வைத்துத் தேடிப் பிடித்து விலாசம் வாங்கியிருந்தேன். என்ன தேவைக்கு என்று கேட்டாள். நான்தான் அந்தப் பொம்பிளை என்று சொன்னேன். அவள் வாயில் கையை வைத்துக்கொண்டு விலாசத்தை எழுதித் தந்தாள்.

கிருபாவிடம் சொன்னபோது, “நானும் வாறன்” என்றார். வேண்டாம், நான் தனியத்தான் கத்தினனான் என்றேன்.

ஒரு மணித்தியால ஓட்டம். வழி நெடுகப் பனி. என்ன சொல்ல வேண்டும் என்று வசனம் வசனமாகச் சேர்த்துக்கொண்டு போனேன். மணியை அடித்தேன். கதவைத் திறந்தது அன்றைக்கு ஐஸில் ஓடின அதே பெண். பின்னல் இல்லை, முடியைச் சும்மா முடிந்திருந்தாள்.

“வணக்கம், நான்” என்று தொடங்கினேன். அவ்வளவுதான் சொல்லியிருப்பேன்.

அதைக் கேட்டு உள்ளேயிருந்து ஒரு பிள்ளையின் குரல். “அம்மா, அது அவதான்.”

சிவதர்சினி கதவைப் பிடித்த கையை எடுக்கவில்லை. “என்ன அலுவலா வந்தனீங்கள்?”

“பிள்ளையிட்டை ஒண்டு சொல்லோணும். சொல்லிப்போட்டுப் போயிடுறன்.”

சாத்திவிடுவாள் என்று நினைத்தேன். நான் என்றால் சாத்தியிருப்பேன். அவள் என்னுடைய முகத்தைப் பார்த்தபடியே விலகி நின்றாள். இருக்கச் சொல்லவில்லை.

மிதுனா சோபாவில், காலைத் தலையணை மேல் நீட்டிக்கொண்டிருந்தாள். கம்பிக் கூடு இல்லாத முகத்தை அப்போதுதான் பார்க்கிறேன். நாடியில் ஒரு பரு. ஆரணியைவிட ஒரு வயது குறைவாக இருக்கும். மடியில் கணக்குப் புத்தகம்.

காரில் சேர்த்த வசனம் ஒன்றும் வரவில்லை. நின்றபடியே சொன்னேன். “பிள்ளை, அண்டைக்கு நான் விழுத்திடு எண்டுதான் கத்தினனான். விசாரணையிலை வேறை மாதிரிச் சொன்னனான், அது பொய். நீர் சரியாத்தான் கேட்டனீர்.”

“தெரியும் அன்ரி” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். எனக்கு நிறுத்தத் தெரியாது. அழுகையும் வந்துவிட்டது, அழுதுகொண்டே சொன்னேன். “எனக்குத் தெரியாது குஞ்சு. நீர் எங்கடை பிள்ளை எண்டு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தால் சத்தியமாக் கத்தியிருக்கமாட்டன்.”

மிதுனா புத்தகத்தை மூடினாள். உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிற பிள்ளை வகுப்பில் கேட்பது மாதிரித்தான் கேட்டாள்.

“அப்ப நான் தமிழ் இல்லாட்டி, விழுத்தச் சொல்லுறது பரவாயில்லையா அன்ரி?”

சிவதர்சினி என்னைப் பார்த்தாள். நான் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டேன்.

காரில் இருந்து இதை எழுதுகிறேன். அவர்களுடைய வாசலுக்கு முன்னால்தான் இன்னும் நிற்கிறேன், ஒரு மணித்தியாலமாகிறது. திரும்பிப் போய்ச் சொல்ல ஒரு பதில் வேண்டும், அது என்னிடம் இல்லை.